சுவர் ஏன் உடைந்தது என்று யார் சொல்வது? தேசியப் பொறியியல் அகாடமி ஒரு நாட்டுக்கு எதற்கு?

[திரையில்: வெள்ளத்தில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ். கூரைகள் மட்டும் தெரிகின்றன.]

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா சூறாவளி தாக்கியதில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. அந்தப் புயலில் மொத்தமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

புயல் பெரியதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் நகரத்துக்குள் ஓடும் 17-ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் நடந்ததைப் புயலின் தலையில் மட்டும் போட முடியாது. அங்கே கரைமேல் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். தண்ணீர் அந்தச் சுவரின் உச்சியை எட்டுவதற்கு முன்பே சுவர் சாய்ந்துவிட்டது.

[அனிமேஷன்: கரையின் குறுக்குவெட்டு. தண்ணீர் மெல்ல ஏறுகிறது.]

எப்படி என்று பாருங்கள். மண் கரைக்குள் எஃகுத் தகடுகளை இறக்கி, அவற்றின் மேல் மெல்லிய கான்கிரீட் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர் ஏற ஏற, சுவர் மறுபக்கமாக லேசாக வளைகிறது. வளைந்ததும், தண்ணீர் நிற்கும் பக்கத்தில் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. தண்ணீர் அதற்குள் இறங்கி, அடிவரைக்கும் போய்ச் சுவரைத் தள்ளுகிறது. அடியில் இருந்ததோ இளகிய களிமண், சில இடங்களில் மணல். வடிவமைத்தவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, வடிவமைத்தது யார்? அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. ஏன் உடைந்தது என்று ஆராய 150-க்கும் மேற்பட்ட நிபுணர்களைக் கூட்டியது யார்? அதே பொறியாளர் பிரிவு. அந்த நிபுணர்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். இடைவெளியைப் பற்றிச் சொன்னதும் அவர்களுடைய ஆய்வுதான். ஆனால் வீட்டை இழந்து நிற்பவர் அதை எப்படி நம்புவார்? கட்டியவரே விசாரித்துத் தீர்ப்பும் சொன்னால் ஊர் ஏற்குமா?

அதனால் ராணுவத் துறை, தேசியப் பொறியியல் அகாடமியிடமும் (நாட்டின் சிறந்த பொறியாளர்களை உறுப்பினராகக் கொண்டு, அரசு கேட்டால் சுதந்திரமாக ஆலோசனை சொல்லும் அமைப்பு) அதன் ஆய்வுகளை நடத்தும் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிடமும் போய், எங்கள் ஆய்வை நீங்கள் சரிபாருங்கள் என்று கேட்டது. பொறியியல் அகாடமி ஒரு நாட்டுக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

ஜி. வேன் கிளஃப் என்ற மண் பொறியியல் நிபுணரின் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. 2009-ல் கடைசி அறிக்கை வந்தது. அதில் இருந்த ஒரு விஷயம் யாருக்கும் இனிக்கவில்லை. நகரத்தைத் திரும்பக் கட்டும்போது 'நூறாண்டு வெள்ளம்' என்ற அளவுக்குத் தாங்கினால் போதும் என்று அரசு முடிவு செய்திருந்தது. குழு சொன்னது: இவ்வளவு பேர் நெருக்கமாக வாழும் ஊருக்கு அந்த அளவு போதாது.

[திரையில் பெரிய எழுத்தில்: 1%]

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஊரிலும் இந்தச் சொல்லைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், நடுவில் வராது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு. நீங்கள் கடன் வாங்கி வீடு கட்டி, 30 வருஷம் தவணை கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த 30 வருஷத்துக்குள் ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலில் ஒரு பங்குக்கும் மேல். இதைத் தெரிந்துகொண்டு யார் நிம்மதியாகத் தூங்குவார்கள்?

கரையையும் சுவரையும் எவ்வளவு பலமாகக் கட்டினாலும் ஆபத்து முழுசாகப் போகாது என்றும் குழு எழுதியது. மிகவும் ஆபத்தான பகுதிகளில் இருப்பவர்கள் விருப்பப்பட்டால் இடம் மாறுவதற்கு உதவி செய்யலாம், தரைத்தளத்தை உயர்த்திக் கட்டலாம் என்றது. சொந்த மண்ணுக்குத் திரும்பத் துடிப்பவர்களிடம் எந்த அரசியல்வாதி இதைச் சொல்வார்?

அரசு கேட்டதா? முழுசாக இல்லை. சுமார் 1,450 கோடி டாலர் செலவில் புதிய பாதுகாப்பு அமைப்பு அதே நூறாண்டு அளவுக்குத்தான் கட்டப்பட்டது. அகாடமிக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஆனால் அந்த ஊரில் இன்று யாரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. எழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வளர்ச்சி பற்றிப் பேசும்போது இதை நாம் மிகக் குறைவாக மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். பாலம், அணை, மின்நிலையம் எல்லாம் 50 வருஷம், 100 வருஷம் நிற்கப்போகிறவை. முடிவெடுக்கும் அரசு ஐந்து வருஷம்தான் இருக்கும், காண்ட்ராக்டர் அதைவிடச் சீக்கிரம் போய்விடுவார். அதற்குப் பிறகு அங்கே வாழப்போகிறவர்களுக்காக இன்றைக்கே பேச ஒருவர் வேண்டும்.

[திரையில்: 1863, ஆபிரகாம் லிங்கன்]

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய வேர் உண்டு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 மார்ச் 3 அன்று, தேசிய அறிவியல் அகாடமியை உருவாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். மிகச் சிறிய சட்டம். அரசின் எந்தத் துறை கேட்டாலும் அகாடமி ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். ஆராய்ச்சிக்கு ஆகும் செலவை அரசு கொடுக்கும். ஆனால் செய்த வேலைக்கு ஊதியம் எதுவும் கிடையாது. முதலில் வந்த வேலைகளில் ஒன்று கடற்படையினுடையது: இரும்புக் கப்பல்களில் திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறது, என்ன செய்யலாம்? பார்த்தீர்களா, அறிவியல் அகாடமிக்கு வந்ததே ஒரு பொறியியல் கேள்விதான்.

1964 டிசம்பர் 5 அன்று, அதே சட்டத்தின் நிழலில், 25 பேரோடு தேசியப் பொறியியல் அகாடமி தனியாகத் தொடங்கியது. உலகத்தில் முதல் பொறியியல் அகாடமி அது இல்லை. அந்தப் பெருமை ஸ்வீடனுக்கு. 1919-ல், முதல் உலகப்போர் முடிந்த கையோடு, ஸ்டாக்ஹோமில் அதைத் தொடங்கினார்கள். ஸ்வீடனில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி இல்லை. போர்க்காலத்தில் இறக்குமதி தடுமாறியபோது எரிபொருளுக்குத் திண்டாடினார்கள். எரிபொருளை எப்படிச் சிக்கனமாகப் பயன்படுத்துவது என்பது அந்த அகாடமிக்குத் தொடக்கத்திலிருந்தே பெரிய கவலை. இரண்டாம் போரில் பெட்ரோல் வரத்து நின்றபோது, விறகையும் கரியையும் எரித்து வாயுவாக்கி ஓடிய வண்டிகள் ஸ்வீடனில் 70,000-க்கு மேல். அந்த அனுபவம் முழுவதையும் 1950-ல் அகாடமி புத்தகமாகவே வெளியிட்டது. எண்ணெய் விலை எகிறிய 1970-களில், அமெரிக்கர்கள் அதைத் தேடிப்பிடித்து மொழிபெயர்த்தார்கள். நெருக்கடியில் கற்றுக்கொண்டதை எழுதிவைத்தால் 30 வருஷம் கழித்து வேறொரு நாட்டுக்குக்கூடப் பயன்படும்.

[திரையில்: ஒரு வட்ட மேசை. நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன.]

அப்புறம், அமெரிக்க அகாடமியின் ஆய்வுக் குழு எப்படி வேலை செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அகாடமியின் மரியாதை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

முதலில் குழுவில் யார் யார் என்று வெளியில் அறிவிப்பார்கள். அவர்களுடைய பின்னணியும் அதில் இருக்கும். பொதுமக்கள் 20 நாள் கருத்துச் சொல்லலாம். இன்னார் அந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கிறார், இன்னார் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று யாரும் சுட்டிக்காட்டலாம். குழு உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்த துறை வரைவை முன்கூட்டிப் பார்த்துத் திருத்த முடியாது. வரைவு, குழுவுக்கு வெளியே உள்ள நிபுணர்களிடம் போகும். அவர்கள் யார் என்பது அறிக்கை வெளிவரும்வரை குழுவுக்கே தெரியாது. கடைசியில் அறிக்கை பொதுவில் வைக்கப்படும். இதில் பலவற்றை 1997-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இந்த விதிகள் எல்லாம் சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால்கூட, பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட இன்னொரு காகிதம்தான் மிஞ்சும்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் நிலத்தையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் உள்துறையின் வேண்டுகோளின்படி அகாடமி ஆராய்ந்து, 2011 டிசம்பரில் அறிக்கை தந்தது. கிணற்றை அடைக்க இறக்கிய சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்குச் சோதனைகளில் அறிகுறிகள் இருந்தும் வேலையைத் தொடர்ந்தார்கள், அவசரத்தில் கிணற்றை மூட வேண்டிய ராட்சத வால்வு அமைப்பும் கைவிட்டது என்று நேராக எழுதினார்கள். விதிப் பட்டியலில் டிக் அடிப்பது போதாது, ஆபத்தை மொத்தமாக நிர்வகிக்க வேண்டும் என்பது பரிந்துரை.

விபத்துக்குப் பிறகுதான் அகாடமி என்று நினைத்துவிட வேண்டாம். 2005-ல் இரண்டு செனட்டர்கள் வந்து, அமெரிக்கா உலகப் போட்டியில் பின்தங்காமல் இருக்க முதலில் செய்ய வேண்டியவை என்ன என்று கேட்டார்கள். அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் மூன்றும் சேர்ந்து, நார்மன் அகஸ்டின் என்ற விண்வெளித் துறைப் பொறியாளரின் தலைமையில், சில மாதங்களிலேயே பதில் கொடுத்தன. பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் நடத்த நல்ல ஆசிரியர்கள், அடிப்படை ஆராய்ச்சிக்குக் கூடுதல் பணம், எரிசக்தி ஆராய்ச்சிக்கு ஒரு தனி அமைப்பு. 2007-ல் இதை ஒட்டிச் சட்டமே வந்தது. ஆர்பா-இ என்ற எரிசக்தி ஆராய்ச்சி அமைப்பு பிறந்தது அந்தச் சட்டத்தில்தான், 2009-ல் 40 கோடி டாலரோடு வேலையைத் தொடங்கியது.

[திரையில்: நீல் ஆம்ஸ்ட்ராங்]

வளர்ச்சி என்றால் என்ன என்பதைப் பற்றியும் அகாடமி ஒரு தடவை அழகாகச் சொன்னது. 2000 பிப்ரவரியில், 20-ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய 20 பொறியியல் சாதனைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். அறிவித்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங், அவரும் அகாடமி உறுப்பினர். முதலிடம் எதற்கு? வீடுதோறும் மின்சாரம். நான்காவது இடம் குடிநீர் விநியோகம். விண்கலம் 12-ஆவது இடத்தில்! நிலவில் நடந்தவரே எழுந்து நின்று, குழாயில் வரும் தண்ணீர் அதைவிடப் பெரிது என்ற பட்டியலை வாசித்தார். பொறியியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: இரண்டு நகரங்கள், ஒரே வாரம். சென்னை, லங்காஸ்டர்.]

மின்சாரம் என்றதும் நமக்கு நெருக்கமான ஒரு வாரத்தைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது. போன் வேலை செய்யவில்லை, ஏ.டி.எம். இல்லை, அடையாறு ஓரத்தில் மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அதே வாரம், டிசம்பர் 5 இரவு, இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஆற்று வெள்ளம் ஒரு துணை மின்நிலையத்துக்குள் புகுந்தது. 60,000 வீடுகளுக்கு மேல் இருட்டு.

பிரிட்டனின் ராயல் பொறியியல் அகாடமி, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அந்த ஊரில் மின்சாரம் இல்லாமல் என்னென்ன நின்றது என்று விசாரித்து 2016-ல் அறிக்கை வெளியிட்டது. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன, இணையம் போனது, அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றது. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு மட்டும் உள்ளூர் வானொலி வழியாகச் செய்தி கிடைத்தது. சாதாரண விஷயங்கள்தான். ஆனால் ஒரு துணை மின்நிலையத்தில் தண்ணீர் புகுந்தால் எது எதெல்லாம் வரிசையாக விழும் என்று இவ்வளவு எளிமையாக எழுதிய அறிக்கையை நான் வேறு பார்த்ததில்லை.

இந்தியாவுக்கும் தேசியப் பொறியியல் அகாடமி இருக்கிறது. 1987-ல் தொடங்கியது. முதல் தலைவர் ஜெய் கிருஷ்ணா, ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலுக்கு அடித்தளம் போட்டவர். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜும் பின்னால் தலைவரானார். உலகப் பொறியியல் அகாடமிகளின் கூட்டமைப்பில் இந்தியா 1999 முதல் உறுப்பினர். நாட்டின் மிகச் சிறந்த பொறியாளர்கள் அதில் இருக்கிறார்கள், அறிவுக்குக் குறைவே இல்லை.

ஆனால் அது பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம், நாடாளுமன்றச் சட்டத்தில் பிறந்தது இல்லை. என் ஆசை இது: ஓர் அணை, ஒரு பாலம், ஒரு மின்தொகுப்பு தோற்றால், கட்டிய துறை அல்லாத ஒருவர் ஆராய வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். அந்த வேலை அகாடமிக்குப் போகட்டும். குழுவில் யார் என்பது முன்கூட்டியே வெளியில் வரட்டும், அறிக்கை ரகசிய முத்திரை இல்லாமல் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் வரட்டும். பாதிக்கப்படுகிறவர் படிக்க முடியாத அறிக்கை அரைகுறை வேலைதான்.

நியூ ஆர்லியன்ஸ், மெக்சிகோ வளைகுடா, லங்காஸ்டர் அறிக்கைகள் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லங்காஸ்டரில் தொடங்குங்கள், அது சின்னது, கணக்கும் அதிகம் இல்லை. படித்து முடித்ததும், உங்கள் பகுதித் துணை மின்நிலையத்தின் தரை 2015 வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மின்வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடப் பத்து ரூபாய்தான்.