மோரிஸ் மைனரை அடியிலிருந்து பாருங்கள்

வணக்கம் நேயர்களே. மாமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கி, அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் மொரிஷியஸில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த உரை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த கார் இது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காரும் இதுதான். அதனால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே கிடைக்காவிட்டாலும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். கிடைப்பதற்கு அரிது துருப்பிடிக்காத உடல் மட்டுமே.

அதனால் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். சுற்றிலும் கடல் இருக்கும் தீவு நம்முடையது. மேட்டுநிலத்துக் க்யூர்பிப் பக்கம் மழை விட்டபாடில்லை, கரையோரத்தில் உப்புக்காற்று. துரு உள்ளே பிறந்து வெளியே வருகிறது. பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் சில் நெடுகிலும் இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் இரும்பில்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பிறகு காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடியில் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு பொத்தென்று சொல்லும். ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் இருக்கைக்கடியில் குறுக்காகப் போகும் தாங்கி ஆகிய மூன்றையும் விடாமல் தட்டிப் பார்க்க வேண்டும்.

சில் மாற்றுகிற வேலைக்கு வருவோம். இந்தக் காருக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது தரையும் சில்லும்தான். தோலியேயிடம், அதாவது கார் உடலின் தகடு வேலை செய்பவரிடம், விட்டாலும் நீங்களே வெட்டினாலும், வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே ஒரு ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காரைச் சமமாக நிறுத்துங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு பக்கமும் வெட்டினால் நடுவுடல் தொய்ந்துவிடும். புதுத் தகடு அந்தத் தொய்வோடேயே உறைந்துவிடும், அதன் பிறகு கதவு ஒருநாளும் பொருந்தாது. துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்ட வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளவே கூடாது. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, அடுத்த சில மழைக்காலத்துக்குள் இரண்டையுமே தின்றுவிடும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டை வையுங்கள். வேலை முடிந்ததும் சில்லுக்குள் மெழுகைப் பீய்ச்சுங்கள். அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பின்பக்கம் வெல்டிங் செய்வதானால் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூர வையுங்கள். டாங்க் காலியாக இருந்தால் ஆபத்தில்லை என்பது தவறு. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடுத்து, இந்தக் காரில் உயிரோடு விளையாடும் இடங்கள் இரண்டு.

முதலாவது, முன்சக்கரத்தைத் தாங்கி, அது திரும்பவும் இடம் கொடுக்கும் இணைப்பான ட்ரன்னியன். கீழ் ட்ரன்னியன் மரையில் சுழல்கிறது. கிரீஸ் காய்ந்து தண்ணீர் புகுந்தால் மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒருநாள் மெதுவாக வளைவில் திருப்பும்போது மரை விட்டுக் கழன்று, சக்கரம் அப்படியே உள்ளே மடிந்துவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கவிட்டு, ஒரு கடப்பாரையை டயருக்கடியில் கொடுத்து மேலே நெம்பிப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தால் பழுதுபார்க்க நினைக்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள். நன்றாக இருந்தால் சக்கரம் தொங்கிய நிலையிலேயே கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகளான மேல் நிப்பிளிலும் கீழ் நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, புதிது தெரியும்வரை அடிக்க வேண்டும். சக்கரம் தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் அழுத்தும் பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச் சேராது. குறைந்த தூரமே ஓடும் காரானாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம்.

இரண்டாவது, பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர். ஓட்டுநரின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே, தரையோடு சேர்ந்த நீளத் தாங்கிக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் எண்ணெய் குறைந்தாலும் தெரிவதில்லை. இந்தக் காரில் பிரேக் பாதை ஒன்றே ஒன்று. எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து போய்விடும், மிஞ்சுவது கைபிரேக்தான். மாதம் ஒருமுறை கம்பளத்தைத் தூக்கி, மூடியைச் சுற்றித் தூசியைத் துடைத்த பிறகே திறந்து பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டருக்குள் துருவாகும். நம் பருவநிலைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. நெடுநாள் நின்ற காரென்றால் நான்கு சக்கரத்துச் சிலிண்டர்களையும் ரப்பர் குழாய்களையும் பார்க்காமலே புதிதாக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரின் போல்ட்டை வெளியே எடுக்க முன்சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் வழி மறிக்கும். ட்ரன்னியன் வேலைக்காக அதைக் கழற்றியிருக்கும்போதே இதையும் முடித்துக்கொண்டால் ஒரே உழைப்பில் இரண்டும் தீரும்.

இவற்றோடு ஒப்பிட்டால் எஞ்சின் எளிது. வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு முன்னாலிருந்து கைப்பிடி போட்டு மெல்லச் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் பலம் காட்ட வேண்டாம், இன்னும் ஊறட்டும். பழைய பெட்ரோல் பெயின்ட் மாதிரி நாறும். அதை முழுக்க வடித்துவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, 0.30 மில்லிமீட்டர். முன்னாலிருந்து எண்ணி, முதல் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள், மூன்றாவது திறந்தால் ஆறாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி கூடினால் சத்தம்தான் வரும். குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பிளக்கின் இடைவெளி 0.64 மில்லிமீட்டர். பேட்டரி மாட்டும்போது நினைவிருக்கட்டும், இந்தக் காரில் உடலோடு சேர்வது பாசிட்டிவ் முனை.

   

எல்லாம் முடிந்த முதல் ஓட்டம் பத்துக் கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். திரும்பி வந்து, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. மறுபடி ஓட்டுவதற்கு முன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.