காட்டுப் புத்தகங்களும் எண்ணூர்க் கழிமுகமும்

(தண்டையார்பேட்டையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, வலை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் எண்ணூர்க் குப்பத்துப் பெரியவர்களே, எனக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஐயா முன்னால் மைக் பிடிப்பது எனக்குப் பெரிய பேறு.

காட்டைப் பற்றிய புத்தகங்களை ஏன் படிக்க வேண்டும், யாரைப் படிக்க வேண்டும், குழந்தைகளுக்கு எப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், வேட்டைக்காரராக இருந்து எழுத்தாளரான ஜிம் கார்பெட். வடக்கே இமயமலைப் பக்கம் இருக்கும் குமாவுன் மலையின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1944இல் வந்தது. அதில் சௌகர் என்ற இடத்துப் பெண்புலி வருகிறது. அதுவும் அதன் குட்டியுமாக 64 பேரைக் கொன்றிருந்தன. 1930 ஏப்ரலில் கார்பெட் அதைத் தேடி ஒரு வறண்ட ஓடையில் இறங்குகிறார். கீழே பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகள். முட்டை சேர்ப்பதில் அவருக்கு ஆசை. எடுத்து இடது கையில் வைத்துக்கொள்கிறார். வலது கையில் துப்பாக்கி. ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தால், எட்டே அடியில் புலி! முன்னங்கால்களை நீட்டிப் படுத்தபடி அவர் முகத்தையே பார்க்கிறது. துப்பாக்கியோ வேறு பக்கம் பார்த்திருக்கிறது. முட்டையைப் போட முடியாது, அசையவும் முடியாது. ஒரே கையால், நூல் நூலாக, துப்பாக்கியைத் திருப்புகிறார். புலி கண்ணை எடுக்கவில்லை. கை வலிக்கிறது. குழல் நேராக வந்ததும் சுடுகிறார். கையில் முட்டை இல்லாதிருந்தால் சட்டென்று திரும்பியிருப்பேன், புலி பாய்ந்திருக்கும் என்று அவரே எழுதுகிறார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? முட்டைகளைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார். அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்தபோது தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது.

கை தட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. புலியைச் சுட்டதை விட முட்டையைத் திருப்பி வைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் இக்கரைக்கு அக்கரை பச்சை. குமாவுன் புலிக்குக் கை தட்டும் நாம், நம் ஊர்க்காரர் மா. கிருஷ்ணனை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஒரே பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். யானையைத் தேடி முதுமலைக் காட்டுக்குப் போனவர், வீட்டுப் பக்கத்துக் காகத்தையும் அணிலையும் அதே அக்கறையோடு கவனித்தார். அவர் தமிழிலும் எழுதியிருக்கிறார். தேடிப் படியுங்கள்.

சரி, அந்தக் கண்ணோடு எண்ணூருக்கு வாருங்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். அலையாத்தி மரங்கள், கூழைக்கடா, நண்டு, மடவை. சேற்றுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் வரத்தைச் சொல்லும் பெரியவர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது காடு இல்லையா? இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் முதுமலைக்கு வண்டி பிடிக்கிறோம். இங்கே அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து ஆழம் குறைகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து, கூழைக்கடாவின் இறக்கையில் கறுப்பாய் ஒட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

குழந்தைகளுக்கு வாசிப்பதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே வேண்டுகோள். ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும், இனிமேல் ஒரு கூடை கூட விழக் கூடாது என்று மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. பெரியவர்கள் முதலில் போடட்டும், பிள்ளைகள் வரிசையில் வாருங்கள்.