எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வட்டாரக் காலநிலை மாதிரி என்று ஒரு துறை இருக்கிறது. மாதிரி என்றால் இங்கே காற்று, வெப்பம், மழை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் கணினி நிரல். அதுதான் என் பிழைப்பு. என்ன வேலை என்று கேட்டவரிடம் இதைச் சொன்னால், "அப்படியா, நாளைக்கு மழை வருமா?" என்பார். நாளைய மழை வானிலைக்காரர்கள் பாடு. நாற்பது வருஷம் கழித்து ஒரு வட்டாரத்தின் மழைக்காலம் எந்தக் குணத்தோடு இருக்கும் என்பது எங்கள் பாடு. தேதி சொல்ல மாட்டோம், சுபாவத்தைச் சொல்லப் பார்ப்போம்.

இந்தத் துறை பிறந்த கதையை ஒருவரை வைத்துச் சொல்லலாம். ஃபிலிப்போ ஜோர்ஜி, இத்தாலிக்காரர். இயற்பியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். காற்றில் மிதக்கும் துகள்களை மழை எத்தனை நாளில் கழுவி இறக்கும் என்பதுதான் அங்கே அவர் ஆராய்ந்த கேள்வி. 1986-ல் கொலராடோவின் போல்டரில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். வட்டாரக் காலநிலை மாதிரி என்று ஒரு துறையே அப்போது கிடையாது.

அந்த நேரத்தில் அமெரிக்க அரசுக்கு ஒரு தலைவலி இருந்தது. அணு உலைக் கழிவை நெவாடா மாநிலத்தில் யக்கா மலை என்கிற இடத்தில் புதைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். புதைத்தால் அது பல்லாயிரம் வருஷம் நனையாமல் கிடக்க வேண்டும். அப்படியானால் அந்த மலையில் எதிர்காலத்தில் எவ்வளவு மழை பெய்யும்? சரி, உலகக் காலநிலை மாதிரியைக் கேட்கலாம் என்றால், அன்றைய மாதிரிகள் பூமியைச் சுமார் 500 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தன. ஒரு கட்டத்துக்கு ஒரே வெப்பநிலை, ஒரே மழை, ஒரே உயரம். நெவாடா பாலைவனமாக இருப்பதற்குக் காரணமே மேற்கே நிற்கும் சியரா நெவாடா மலைத்தொடர்தான். கடலிலிருந்து வரும் ஈரத்தை அது தன் பக்கமே இறக்கிவிடுகிறது. 500 கிலோமீட்டர் கட்டத்தில் அந்த மலைத்தொடர் ஒரு லேசான மேடாகக் கரைந்துபோயிருந்தது. மலையே இல்லாதபோது மழை மறைவு எங்கிருந்து வரும்?

அந்த ஆராய்ச்சி மையத்தில் இருந்த ராபர்ட் டிக்கின்சன், ஜோர்ஜி, இன்னும் இருவர் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். வானிலை முன்கணிப்புக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு சின்னப் பரப்பு மாதிரியை எடுத்து, உலக மாதிரியின் வயிற்றுக்குள் உட்கார வைத்தார்கள். கட்டத்தின் அளவு சுமார் 60 கிலோமீட்டர். அந்தச் சின்னப் பரப்பை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நாலு பக்கத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் உலக மாதிரி ஊட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே மலையைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைச் சின்ன மாதிரி தானே கணக்குப் போடும். 1989-ல் அந்தக் கட்டுரை வந்தது.

அது எளிதில் எடுபடவில்லை. இரண்டு மூன்று நாள் முன்கணிப்புக்குச் செய்த மாதிரியை மாதக்கணக்கில் ஓட்டினால் பிழை சேர்ந்து சேர்ந்து குப்பையாகிவிடும் என்பது பலரின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அதனாலேயே 1989 கட்டுரையில் சில நாள் ஓட்டங்களாகத் துண்டு துண்டாக ஓட்டினார்கள். அடுத்த வருஷம் ஜோர்ஜி ஒரு முழு மாதத்தை ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டினார். மாதிரி தாக்குப்பிடித்தது. என்னைக் கேட்டால், துறை பிறந்தது அந்த இரண்டாவது கட்டுரையில்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வேலையின் சூட்சுமம் கட்டுரைகளில் தெரியாது. நான் முதன்முதலில் தனியாக ஓட்டிய ஓட்டம் மூன்று வாரம் ஓடியது. முடிந்ததும் ஆசையாக மழை வரைபடத்தைத் திறந்தேன். படத்துக்குச் சட்டம் மாட்டினதுபோல ஓரமெல்லாம் கருநீலத்தில் கொட்டு கொட்டென்று மழை. நடுவில் ஒன்றும் இல்லை. என் மேலாளர் எட்டிப் பார்த்தார். "எல்லையை எங்கே போட்டாய்?" என்றார். மேற்கு எல்லை ஒரு மலைத்தொடரின் முதுகுமேல் போயிருந்தது. உலக மாதிரிக்கு அங்கே மேடு, என் மாதிரிக்கு அங்கே சிகரம். இரண்டும் ஒத்துவராமல் காற்று அங்கேயே முட்டி மேலெழும்பி, ஈரத்தையெல்லாம் ஓரத்திலேயே கொட்டிவிட்டது. மூன்று வார ஓட்டத்தை அன்றைக்கே அழித்தேன். பெட்டியின் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். பாதி வேலை அதுதான்.

மீதிப் பாதி, பெட்டிக்குள் வருவது என்ன என்பது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். உலக மாதிரி காற்றோட்டத்தைத் தப்பான திசையில் அனுப்பினால், என் மாதிரி அந்தத் தப்பை மிக அழகாக, மிக நுணுக்கமாக வரைந்து காட்டும். இதுதான் எனக்கு இந்தத் தொழிலில் பயம். பத்து கிலோமீட்டர் கட்டத்தில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக வண்ணம் தீட்டின படத்தைப் பார்த்ததும் அதிகாரிகள் நம்பிவிடுகிறார்கள். துல்லியமாகத் தெரிவது வேறு, சரியாக இருப்பது வேறு. சில சமயம் சரியாக இருப்பதுகூட ஏமாற்றும். ஒருமுறை என் கோடைகால வெப்பநிலை அளவீட்டோடு அப்படியே பொருந்தியது. சந்தோஷமாகத் தோண்டிப் பார்த்தால், மேகம் தேவைக்குக் குறைவு, அதனால் வெயில் அதிகம். மண்ணில் ஈரம் தேவைக்கு அதிகம், அதனால் குளிர்ச்சி அதிகம். இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒரு சரி ஆகியிருந்தது.

அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு ஆல்ப்ஸ் மலையைக் காட்டுவேன். உலக மாதிரிகள் ஒரே குரலில் சொன்னது, பூமி சூடாகும்போது ஆல்ப்ஸில் கோடை மழை குறையும் என்று. 2016-ல் ஜோர்ஜியும் சகாக்களும் சுமார் 12 கிலோமீட்டர் கட்டம் கொண்ட வட்டார மாதிரிகளில் பார்த்தபோது, உயரமான பகுதிகளில் கோடை மழை கூடியது. உச்சிகளில் தரை சூடேறுகிறது, ஈரமும் கூடுகிறது. காற்று நிலைகுலைந்து மேலெழும்பி இடிமழையாகிறது. உலக மாதிரியில் அந்த உச்சிகளே இல்லை, அதனால் அந்த மழையும் இல்லை. சின்ன மாதிரி இங்கே பெரிய மாதிரியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டவில்லை; குறைவு என்றதைக் கூடுதல் என்று மாற்றிச் சொன்னது.

ஜோர்ஜி 1998-ல் இத்தாலியின் டிரியெஸ்டே நகருக்குப் போனார். அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் அங்கே இருக்கிறது. வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்காகவே ஏற்பட்ட இடம். தன் குழு வளர்த்த ரெக்சிஎம் மாதிரியை அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்று திறந்து விட்டார்கள், ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பயிலரங்கும் நடத்தினார்கள். அவருடைய ஆய்வுகளில் எதை முதலில் சொல்வாய் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், இது ஆய்வே இல்லை என்றாலும். சொந்த மீக்கணினி இல்லாத நாட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து தங்கள் வட்டாரத்தைத் தாங்களே கணக்குப் போட முடிந்தது. அப்புறம் 2009-ல் கார்டெக்ஸ் என்ற உலகத் திட்டம் தொடங்கியது. எல்லா மாதிரிகளும் ஒரே எல்லைக்குள், ஒரே கட்ட அளவில் ஓட வேண்டும் என்று ஏற்பாடு. அதுவரை பெரும்பாலும் அவரவர் பெட்டி அவரவருக்கு, ஒப்பிடுவது கடினம்.

இப்போது எல்லோரும் மூன்று நான்கு கிலோமீட்டர் கட்டத்துக்கு இறங்குகிறோம். இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பெரிய கட்டத்தில் ஓர் இடிமேகம் அடங்காது. அதனால் மேகத்தை ஒரு குத்துமதிப்புச் சூத்திரத்தால் ஒப்பேற்றுவோம். அந்தச் சூத்திரம் கடமை தவறாத குமாஸ்தாபோல. நிஜத்தில் சாயங்காலம் நாலு மணிக்குமேல் திரண்டு கொட்டும் மழையை அது உச்சி வெயிலிலேயே, தினம் தினம், தூறலாகப் பெய்யவைத்துவிடும். மாத மொத்தம் சரியாக இருக்கும். ஆனால் வெள்ளம் வருவது மாத மொத்தத்தால் இல்லையே. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதால். மூன்று கிலோமீட்டருக்கு வந்தால் சூத்திரத்தை எடுத்துவிட்டு மேகத்தைத் தானாக எழும்ப விடலாம். மழையின் கடிகாரம் பெருமளவு சரியாகிறது.

விலை உண்டு. கட்டத்தைப் பாதியாக்கினால் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு. மாதிரி காலத்தைச் சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவைத்துக் கணக்குப் போடுகிறது. காற்று அப்படி ஒரே அடியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது, தாண்டினால் கணக்கு கட்டுமீறிப் போகும்; மாதிரி வெடித்துவிடும் என்பது எங்கள் பேச்சு. அதனால் கால அடியையும் பாதியாக்க வேண்டும், இன்னொரு இரண்டு மடங்கு. ஆக எட்டு மடங்கு கணக்கு, அதே பரப்புக்கு.

நான் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து வருஷக் காலநிலைக்கு ஐந்து மாதம் பிடிக்கும். நேற்று ராத்திரி பார்த்தேன், முதல் வருஷத்தின் ஆகஸ்டில் இருந்தது. மேற்கு எல்லையை இந்த முறை கடலுக்குள் நன்றாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஓரத்தில் சட்டம் எதுவும் இதுவரை தெரியவில்லை.

வணக்கம்.