ட்ராம் வண்டிக்கு யார் கணக்குக் கேட்பது?

வணக்கம் நேயர்களே.

இன்றைக்கு, நகர வீதியில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் ட்ராம் வண்டியும், அதைப்போல நகரத்துக்குள் ஓடும் இலகு ரயிலும் பற்றிக் கதைக்கலாம் என்று நான் சொன்னபோது, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். நியாயந்தான். மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ட்ராம் ஓடப்போவதாக யாரும் சொல்லவில்லை. ஒட்டுசுட்டானுக்குப் பஸ் நேரத்துக்கு வந்தாலே போதும் என்றிருக்கிறவர்களுக்கு இந்தக் கதை எதற்கு?

இரண்டு காரணங்கள் உண்டு. கொழும்பில் இலகு ரயில் கட்டுவதற்கு அரசாங்கம் கடன் வாங்கினால், மல்லாவிக் கடையில் சீனி வாங்குகிறவரும் வரியாக அதைக் கட்டுகிறார். அடுத்தது, வன்னிக்கு வருகிற பெரிய திட்டங்கள், குளமானாலும் வீதியானாலும், பெரும்பாலும் வேறெங்கோ தீர்மானமாகித்தான் வருகின்றன. அந்தத் தீர்மானங்களை யார், எந்தக் கட்டத்தில், எந்தக் கடதாசியைப் பார்த்து மேற்பார்வை செய்கிறார்கள்? இதை விளங்கிக்கொள்ள ட்ராம் திட்டங்களைப் போல வசதியான உதாரணம் வேறில்லை. ஏனென்றால், இரண்டு நாடுகளில் நீதிபதிகளை வைத்து விசாரித்து, நடந்ததையெல்லாம் பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் நம்முடைய நாடு. கொழும்புக்கு ட்ராம் புதிதல்ல. 1899 இல் ஒரு தனியார் கம்பனி ஓட்டத் தொடங்கியது. 1929 இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் கலவரம் வரை போனது. 1944 இல் மாநகர சபை பொறுப்பெடுத்தது, 1960 இல் ஓட்டம் நின்றது. பிறகு 2019 மார்ச்சில், மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை தூண்களின் மேல் ஓடும் இலகு ரயிலுக்காக, ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பாதை ஏறத்தாழ 16 கிலோமீற்றர். கடனின் முதற் பகுதி மட்டும் 30 பில்லியன் யென். வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள், கடன் முதலைக் கட்டத் தேவையில்லாத சலுகைக் காலம். இப்படியான வட்டிக்கு யார் கடன் தருவார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. செலவு தாங்காது என்றவர்களும் உண்டு.

2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு கடிதம் போனது. திட்டத்தை நிறுத்துங்கள், திட்ட அலுவலகத்தை உடனே மூடுங்கள் என்பது அதன் சாரம். செலவுக்கு ஏற்ற தீர்வல்ல என்று காரணம் சொல்லப்பட்டது. நிறுத்தியது சரியா பிழையா என்பதில் எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, அதை விடுவோம். இன்னொரு நாட்டுடன் முறைப்படி செய்த ஒப்பந்தம், நாடாளுமன்றத்தில் கணக்கு விபரங்களை மேசையில் வைத்து விவாதிக்கப்படாமலே ஒரு கடிதத்தோடு முடிந்துபோனதுதான் எனக்குப் பிரச்சினை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதம், அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க டோக்கியோவில் ஜப்பானியப் பிரதமரிடம் இதற்காக வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது.

சரி, இது அதிகாரத்தில் இருந்தவர் ஒரே வெட்டாக வெட்டிய கதை. மறுபக்கத்தில், பணம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அரசாங்கமும் இருக்கிறது. அது ஸ்கொட்லாந்தின் எடின்பரோ.

அந்த நகரத்து ட்ராம் திட்டத்தை நடத்தியது மாநகர சபை தனக்குச் சொந்தமாக அமைத்த ஒரு கம்பனி. 2007 இல் ஸ்கொட்லாந்தில் புதிதாக வந்த சிறுபான்மை அரசாங்கம் ட்ராமே வேண்டாம் என்றது. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து நாடாளுமன்றத்தில் வாக்களித்து, திட்டம் தொடரவேண்டும் என்று தீர்மானித்தன. தோற்றுப்போன அரசாங்கம், 500 மில்லியன் பவுண்ட் வரை தருகிறோம், அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்றது. கூடவே இன்னொன்றும் செய்தது. போக்குவரத்துத் திட்டங்களைக் கவனிக்கும் தன்னுடைய நிபுணத்துவ அமைப்பை, அன்றாட மேற்பார்வையிலிருந்து பின்வாங்கச் சொல்லிவிட்டது. பணம் உள்ளே, கண் வெளியே.

அப்புறம் என்ன நடந்தது? 2008 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. விலை பெரும்பாலும் நிலையானது, ஏறாது என்ற நம்பிக்கையில் சபை உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒப்பந்தத்துக்கு உள்ளேயோ விலை ஏறுவதற்கு வழிகள் தாராளமாக இருந்தன. கம்பனியும் ஒப்பந்தகாரரும் மாதக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். நகரத்தின் பிரதான கடைத்தெரு கிண்டியபடி கிடந்தது. 2011 இல் ஓடவேண்டிய ட்ராம் 2014 மே மாதந்தான் ஓடியது, அதுவும் குறைக்கப்பட்ட 14 கிலோமீற்றர் பாதையில். செலவு 776 மில்லியன் பவுண்ட். விசாரணைக்கு நியமிக்கப்பட்ட முன்னாள் நீதிபதி ஹார்டி பிரபு அறிக்கை வெளியிட 2023 ஆகிவிட்டது. விசாரணைக்கே 13 மில்லியன் பவுண்ட் போனது. அவர் கம்பனியையும் மாநகர சபையையும் குற்றம் சொன்னதோடு நிற்கவில்லை. நிபுணர்களைப் பின்வாங்கச் செய்த அமைச்சர்களும் பொறுப்பு என்று எழுதினார். விரும்பாத பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்க்காமல் விட்ட தகப்பனின் நிலை அது.

ட்ராம் திட்டங்களில் செலவு வெடிக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்டவாளம் போடும் வீதிக்குக் கீழே இருப்பவை. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கம்பி. பழைய நகரங்களில் எது எங்கே போகிறது என்று சரியான வரைபடமே இருக்காது. ட்ராம் ஓடத் தொடங்கிய பிறகு பழுதுபார்க்கத் தோண்ட முடியாது என்பதால், இவற்றை முதலிலேயே நகர்த்தவேண்டும். எடின்பரோவில் இது இழுபட்டது. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் இலகு ரயில் கட்டியபோது இதே விடயம் நீதிமன்றம் வரை போனது. மின்சாரக் கேபிள்களை நகர்த்துவது பற்றித் தங்களுக்குச் சரியான தகவல் தரப்படவில்லை என்று ஒப்பந்தகாரர் வழக்குப் போட, 2019 இல் மாநில அரசாங்கம் 576 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை கொடுத்துச் சமரசம் செய்தது. ஆரம்பத்தில் 1.6 பில்லியன் என்று சொன்ன திட்டம் அது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன் "கீழே என்ன இருக்கிறது, பார்த்தாயிற்றா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க ஓர் ஆள் வேண்டும். அது கணக்காய்வாளரின் வேலையல்ல. அவர் வரும்போது குழி தோண்டியாயிற்று.

மூன்றாவது கதை கனடாவில். நம்மில் பலருக்கு அண்ணனோ மச்சானோ இருக்கிற நாடு. தலைநகர் ஒட்டாவாவில் 2019 செப்டெம்பரில் இலகு ரயில் திறந்தார்கள், ஓராண்டுக்கு மேல் பிந்தி. திறந்த பிறகு கதவு பிழை, சக்கரம் பிழை. 2021 இல் ஓகஸ்டில் ஒருமுறையும் செப்டெம்பரில் ஒருமுறையும் தடம்புரண்டது. நீதிபதி ஹூரிகன் விசாரித்து 2022 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். திறப்பதற்கு முந்திய சோதனை ஓட்டத்தில் ரயில்கள் நன்றாக ஓடவில்லை. உடனே தேர்ச்சிக்கான அளவுகோலைக் குறைத்தார்கள். அந்தச் செய்தி மேயரும் சில உயர் அதிகாரிகளும் இருந்த ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள் சுற்றியது. மக்கள் தெரிவுசெய்த மாநகர சபைக்கு மட்டும் போகவில்லை. நகரத்தின் தலைமை அதிகாரி வேண்டுமென்றே மறைத்தார் என்று நீதிபதி எழுதினார்.

இதை வன்னி விவசாயிக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிறுபோகக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று வாதாடுகிறீர்கள். அந்த அடிக்கணக்கை மூன்று பேருக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தை நடத்தினால், கூட்டம் நடந்ததாகக் குறிப்பேடு இருக்கும். மேற்பார்வை இருக்காது.

இரணைமடு என்றதும் குடிநீர்த் திட்டமும் நினைவுக்கு வருகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் 2010 இல் ஒப்புதலான திட்டத்தில், இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, அது 2024 இல் திறக்கப்பட்டது. தாமதத்துக்கு விவசாயிகளைப் பழி சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். வறட்சி ஆண்டில் வயலுக்கும் குழாய்க்கும் தண்ணீர் போதுமா என்ற கேள்விக்குக் கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே பதில் இருந்திருக்கவேண்டும்.

நம்மிடம் கருவிகள் இல்லாமலில்லை. கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார், 2018 இன் தேசிய கணக்காய்வுச் சட்டம் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் கோப் குழுவும், அமைச்சுகள் திணைக்களங்களின் கணக்கைப் பார்க்கும் கோபா குழுவும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் நடந்த பின்னர் பார்க்கின்றன. நடப்பதற்கு முன் பார்க்க ஒரு வழி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 9 ஆம் பிரிவை யாரும் அதிகம் கதைப்பதில்லை. வெளிநாட்டுப் பணம் என்றால் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட, உள்நாட்டுப் பணம் என்றால் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமொன்றைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, பொறுப்பான அமைச்சர் அதன் தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கவேண்டும். அவசரத் திட்டங்களுக்கு மட்டும் ஒரு வாரம். ஐந்து இலட்சம் ரூபா என்றால் யோசித்துப் பாருங்கள்: உங்கள் ஊர் மதகும் உள்வீதியும் கூட அதற்குள் வந்துவிடும்.

அறிவிக்கவில்லை என்றால், அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். மதிப்பீடு, ஒப்பந்தம், மண் பரிசோதனை அறிக்கை என்று வேண்டிய கடதாசியின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், அதற்குப் பிறகு கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். விண்ணப்பத்தின் பிரதியொன்றைத் திகதி முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.