பழைய ஆண்டு வெள்ளை ஒயினை ஒதுக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் ஐந்து, எட்டு, பத்து யூரோவுக்கு நல்ல வெள்ளை ஒயின் கிடைக்கும். வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், ஊர்ப் பெயரைப் பார்க்கிறார்கள். லேபிளில் இருக்கும் ஆண்டை மட்டும் பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் பழசு என்றால் திருப்பி வைத்துவிடுகிறார்கள். விலை குறைந்த வெள்ளை ஒயின் எல்லாமே சீக்கிரம் கெட்டுவிடும் என்ற எண்ணம்தான் காரணம். அது எல்லாத் திராட்சைக்கும் பொருந்தாது.

அந்த எண், திராட்சையைப் பறித்த ஆண்டு. ஐரோப்பிய விதிப்படி, லேபிளில் ஆண்டு போட்டால் குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டு அறுவடையாக இருக்க வேண்டும். ஒரே ஒயினின் இரண்டு ஆண்டுகளை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். எந்தத் திராட்சை காலம் தாங்கும், எது தாங்காது என்பது நாக்குக்கே தெரிந்துவிடும்.

முதலில் தாங்காததைச் சொல்லிவிடுகிறேன். வல்லதோலித் நகரத்துக்குத் தெற்கே ருவேதா என்ற பகுதி. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல், கூழாங்கல் நிறைந்த நிலம். அங்கே விளைவது வெர்தெஹோ திராட்சை. இதன் சாற்றில் காற்று பட்டால் போதும், சீக்கிரமே நிறம் பழுப்பேறி, பழ மணம் போய்விடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலமாக, காற்று பட விட்டே முதிர வைக்கும் ஷெர்ரி மாதிரியான ஒயினைத்தான் செய்துவந்தார்கள். 1972-இல் வட ஸ்பெயினின் ரியோஹா பகுதியைச் சேர்ந்த பெரிய சிவப்பு ஒயின் நிறுவனமான மார்கேஸ் தெ ரிஸ்கால், பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த ஒயின் அறிஞர் எமில் பெய்னோவின் ஆலோசனையோடு இங்கே வந்து, புத்துணர்ச்சியான வெள்ளை ஒயின் செய்ய ஆரம்பித்தது. ருவேதாவின் போக்கே மாறியது. 1980-இல் அந்தப் பகுதிக்கு அதிகாரபூர்வ அங்கீகாரமும் கிடைத்தது. இன்று அங்கே அறுவடை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. இயந்திரம் பறித்த பழம் குளிர்ச்சி குறையாமல் ஆலைக்குப் போய், எஃகுத் தொட்டியில் குறைந்த வெப்பத்தில் நொதிக்கிறது.

இப்படிக் காப்பாற்றிய மணம் சோம்பு, அறுத்த புல், கடைசியில் நாக்கின் பின்பக்கம் ஒரு மெல்லிய கசப்பு. புது ஆண்டில் இது துல்லியமாக இருக்கும். அதே பாட்டிலின் மூன்று வருஷம் பழசைத் திறந்தால், பச்சை கலந்த வெளிர் நிறம் பொன்னிறமாகியிருக்கும். சோம்பு மணம் இருக்காது, வெட்டி வைத்த ஆப்பிள் வாசனை எட்டிப் பார்க்கும். ஆகவே சாதாரண விலை வெர்தெஹோவைப் புது ஆண்டாகவே வாங்குங்கள்.

அடுத்து ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியா. அங்கே அட்லாண்டிக் கரையில் ரியாஸ் பைஷாஸ் என்ற பகுதி, அல்பரீன்யோ திராட்சையின் ஊர். மழை அதிகம் என்பதால், கருங்கல் தூண்கள் நட்டு, உயரப் பந்தல் போட்டுத்தான் கொடியை ஏற்றுகிறார்கள். கீழே காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை குறையும். அல்பரீன்யோ திராட்சைக்குத் தோல் தடிமன், புளிப்பு நிறைய. காலம் தாங்க வைப்பது அந்தப் புளிப்புதான். புது ஆண்டில் எலுமிச்சையும் உப்புக்காற்றுமாகச் சுருக்கென்று இருப்பது, மூன்று நான்கு வருஷத்தில் தணிந்து, பீச் பழமும் தேனுமாக விரியும். ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் வைத்திருந்த ஒயின் என்றால் இன்னும் நல்லது. தள்ளுபடியில் கிடக்கும் பழைய ஆண்டு அல்பரீன்யோ கண்ணில் பட்டால் நான் விடுவதே இல்லை!

ஆண்டுக்கு ஆண்டு வானிலையும் பேசும். 2022 கோடை ஸ்பெயினில் கடும் வெப்பம். வெப்பம் ஏறினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். மழையும் குளிர்ச்சியுமான ஆண்டில் இதற்கு நேர்மாறு. வைத்திருந்து குடிக்கக் குளிர்ந்த ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்.

கலீசியாவின் உள்நாட்டுப் பக்கம் வால்தேஓர்ராஸ் இருக்கிறது. அங்கத்திய கொதெய்யோ திராட்சை 1970-களில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1974-இல் தொடங்கிய மீட்புத் திட்டத்தால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. புதிதில் கொஞ்சம் மூடிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் வழவழப்பும் கனமும் கூடியிருக்கும். விலைக்கு இதைவிட நல்ல வெள்ளை ஒயின் ஸ்பெயினில் இல்லை என்பது என் கட்சி.

ரியோஹாவில் விளையும் வியூரா என்ற வெள்ளைத் திராட்சையும் காலம் தாங்கும். ஆரோ என்ற ஊரில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா நிறுவனம், தன் வெள்ளை ஒயின்களில் சிலவற்றைப் பத்து வருஷம் போல வைத்திருந்துதான் விற்பனைக்கே அனுப்புகிறது. விலை கொஞ்சம் அதிகம். சரி, பணம் அவ்வளவு இல்லையா? கிரியான்ஸா என்று போட்ட வெள்ளை ரியோஹா வாங்குங்கள். குறைந்தது ஆறு மாதம் ஓக் பீப்பாயில் இருந்திருக்கும்.

அப்புறம், ஊற்றும் முறை. ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் இரண்டு ஆண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். புதியதை முதலில் சுவையுங்கள், பழையதைப் பிறகு. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளும் சுவைத்துப் பாருங்கள். கொதெய்யோ பல சமயம் மறுநாள்தான் நன்றாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.