உச்சரிப்பு சரியில்லை என்றார்கள்: டெஸி ஆர்னாஸும் மூன்று கேமராக்களும்

அவையோருக்கு வணக்கம்.

டெஸி ஆர்னாஸ் என்று சொன்னதும் பலருக்கும் அவருடைய மனைவி லூசில் பால்தான் நினைவுக்கு வருவார். ‘ஐ லவ் லூசி’ தொடரில் மனைவி செய்யும் கூத்தையெல்லாம் பார்த்துக் கண்ணை உருட்டி, பொறுமை தீர்ந்ததும் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுகிற கணவர். கொங்கா மேளம் தட்டிப் பாடுகிறவர். அவ்வளவோடு அவரை விட்டுவிடுகிறோம். அது அநியாயம். அவருடைய பெரிய வேலை கேமராவுக்குப் பின்னால் நடந்தது. அவரை அந்தப் பக்கம் தள்ளியதே அவருடைய உச்சரிப்பின்மேல் சொல்லப்பட்ட குறைதான். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

கியூபாவின் சாந்தியாகோ நகரில் 1917 மார்ச் 2 அன்று பிறந்தவர். தந்தை அந்த நகரத்தின் மேயர். தாய்வழித் தாத்தா பக்கார்டி ரம் நிறுவனத்தில் நிர்வாகி. 1933இல் கியூப அதிபர் மச்சாடோவின் ஆட்சி கவிழ்ந்தபோது வீடு சூறையாடப்பட்டது, சொத்து பறிபோனது, தந்தை சிறைக்குப் போனார். விடுதலையான பிறகு குடும்பம் அமெரிக்காவின் மயாமியில் ஒதுங்கியது. மேயர் வீட்டுப் பிள்ளை அங்கே கனரி பறவைகளின் கூண்டு கழுவிச் சம்பாதித்தார். பிறகு ஸேவியர் கூகாட்டின் இசைக்குழு, கொங்கா நடனம், 1939இல் பிராட்வே மேடை. அந்த மேடை நாடகம் 1940இல் ஆர்.கே.ஓ ஸ்டுடியோவில் படமானது. அங்கேதான் லூசில் பாலைச் சந்தித்தார். அந்த ஆண்டு நவம்பர் 30இல் திருமணம்.

திருமணம் ஆயிற்றே தவிர, சேர்ந்து வாழ நாள் கிடைக்கவில்லை. அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போவார், இவர் ஹாலிவுட்டில் படப்பிடிப்பில் இருப்பார். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். 1948 முதல் லூசில் பால் சிபிஎஸ் வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடர் நடத்திவந்தார். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்று நிறுவனம் கேட்டது. என் நிஜக் கணவர்தான் கணவராக நடிக்க வேண்டும் என்றார் அவர். நிறுவனம் தயங்கியது. அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படிப் பேசும் கியூபக் கணவன் என்றால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம். நிஜத்தில் பத்தாண்டாகக் கணவன் மனைவியாக இருக்கும் இருவரைப் பார்த்துச் சொன்ன வாதம்!

இருவரும் 1950இல் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்து, ஊர் ஊராகப் போய் மக்கள் முன் நடித்துக் காட்டினார்கள். மக்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அதே ஆண்டில் இரண்டு பெயரையும் சேர்த்து ‘டெசிலு’ என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்கள். 1951 மார்ச்சில் மாதிரிப் பகுதி தயாரானது. ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் விளம்பரதாரராக வந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். அப்போது பெரும்பாலான தொடர்கள் நியூயார்க்கில் நேரடியாக ஒளிபரப்பாகும். மற்ற ஊர்களுக்கு ‘கைனஸ்கோப்’ போகும். அதாவது, டிவி திரையின் எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து, திரையில் ஓடுவதையே படம் பிடிப்பது. நகலின் நகல் என்பதால் விளிம்பெல்லாம் மங்கி, முகங்கள் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிகள் அதிகம் இருந்ததோ கிழக்குக் கரையில். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நேரடியாக நடத்தினால் கிழக்கே மங்கல் படம்தான் போய்ச் சேரும். அதனால் நியூயார்க்குக்கு வாருங்கள் என்றார் விளம்பரதாரர். தம்பதிக்கு ஊரை விட மனமில்லை. லூசில் பாலோ எதிரே ஆள் இருந்து சிரித்தால்தான் சோபிக்கிறவர். எனவே ஆர்னாஸ் சொன்னார்: பார்வையாளர் முன்னிலையில், நாடகம்போல் வரிசையாக நடித்து, மூன்று கேமராக்களால் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுப்போம்.

பல கேமரா வைத்து ஃபிலிமில் எடுப்பதை அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. தயாரிப்பாளர் ஜெரி ஃபேர்பேங்க்ஸ் 1940களின் பிற்பாதியிலேயே முயன்றிருந்தார். அப்படி ஒரு போட்டி நிகழ்ச்சியில் வேலை பார்த்த ஆல் சைமனையே ஆர்னாஸ் அழைத்துக்கொண்டார். சிதறிக் கிடந்த முயற்சிகளைச் சேர்த்து, வாரம் தவறாமல் ஒரு நகைச்சுவை நாடகம் எடுக்கும் முறையாக நிலைநிறுத்தியதே அவர் சாதனை.

அதில் என்ன கஷ்டம்? சினிமாவில் ஒரே கேமரா. தூரக்காட்சிக்கு ஒரு வெளிச்சம் அமைப்பார்கள், முகத்துக்கு வேறு வெளிச்சம். ஒவ்வொரு முறையும் நிறுத்தி மாற்றலாம். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது நிறுத்த முடியாது. தரையில் விளக்கு நிறுத்தினால் கேமராவுக்கும் இடைஞ்சல், பார்வையாளருக்கும் மறைப்பு. இதைத் தீர்க்க ஆர்னாஸ் அழைத்தது கார்ல் ஃப்ராய்ண்டை. பொஹீமியாவில் பிறந்து, ஜெர்மன் சினிமாவில் பெயரெடுத்து, அமெரிக்கா வந்து ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர். அவரும் குடியேறியவர்தான். விளக்குகளையெல்லாம் மேலே தொங்கவிட்டு, எங்கே நின்றாலும் ஒரே அளவு வெளிச்சம் விழும்படி செய்தார். மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கண்குழி கறுத்துவிடும். அதற்காக ஒவ்வொரு கேமராவின் லென்ஸுக்கு மேலும் ஒரு சிறு விளக்கு. செட்டின் சுவர்களுக்குச் சாம்பல் நிறத்தின் சாயல்களையே பூசச் சொன்னார். கறுப்பு வெள்ளை டிவியில் கண்ணைக் கூசும் வேறுபாடு வராமலிருக்க அந்த ஏற்பாடு.

நடுக் கேமராவில் அகன்ற லென்ஸ், முழுக் காட்சிக்கு. பக்கத்துக் கேமராக்கள் இரண்டிலும் நீண்ட லென்ஸ், முகங்களுக்கு. மூன்றும் சக்கர வண்டிகளில் நகரும். அதனால் தரை மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும், வண்டி நிற்கும் இடமெல்லாம் குறி போட்டிருக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு காட்சி அதற்குமேல் நீண்டால் மூன்று கேமராக்களும் சேர்ந்து குருடாகும். எடிட்டிங்கில் மூன்று ஃபிலிமையும் ஒலியையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே பல தலைகள் கொண்ட மூவியோலா இயந்திரம் வந்தது. டான் கானும் மற்ற எடிட்டர்களும் அதை ‘மூன்று தலைப் பூதம்’ என்றே அழைத்தார்கள்.

ஸ்டுடியோவையும் மாற்ற வேண்டியிருந்தது. சுமார் 300 பேர் உட்காரப் படிவரிசை இருக்கை, தெருப்பக்கம் தனி வாசல், தீயணைப்பு விதிகளுக்கான ஏற்பாடுகள். நடிப்பு தொடங்குமுன் பார்வையாளரைக் கலகலப்பாக்கும் வேலையையும் ஆர்னாஸே செய்தார்.

செலவு கூடியது. நிறுவனமும் விளம்பரதாரரும் முணுமுணுத்தார்கள். தம்பதி தங்கள் சம்பளத்தில் வாரம் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பதிலுக்கு ஆர்னாஸ் கேட்டது ஒன்றே: எடுத்த ஃபிலிம்கள் டெசிலுவுக்குச் சொந்தம். நேரடி ஒளிபரப்பு அன்றோடு காற்றில் கரைந்துபோன காலம் அது, பழைய பகுதிக்கு மதிப்பு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. எளிதாகக் கொடுத்துவிட்டார்கள். 1951 அக்டோபர் 15இல் தொடர் தொடங்கியது.

அந்த ஃபிலிமின் மதிப்பு அடுத்த ஆண்டே தெரிந்தது. லூசில் பால் கர்ப்பமானார். ‘கர்ப்பம்’ என்ற சொல்லையே திரையில் உச்சரிக்கக் கூடாது என்று நிறுவனம் இருந்த காலம். ஆர்னாஸ் விடாமல் வாதாடி, அதையே கதையாக்கினார். நடிகை ஓய்வெடுத்தபோது பழைய பகுதிகளைத் திரும்ப ஒளிபரப்பினார்கள், மக்கள் மறுபடியும் பார்த்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று, திரையில் குழந்தை பிறந்த அதே நாளில் நிஜத்திலும் மகன் பிறந்தான். அன்றிரவு பார்த்தவர்கள் 4.4 கோடிப் பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

நடிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருடைய உச்சரிப்பை லூசி கேலி செய்தால் பார்வையாளர் சிரித்தார்கள். வேறு பாத்திரம் கேலி செய்தால் அரங்கம் அமைதியாகிவிடும். அதைக் கண்டுகொண்டு, அந்த உரிமையை மனைவிக்கு மட்டும் வைத்தார்கள். எந்த உச்சரிப்பை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்றார்களோ, அதற்காக அதே மக்கள் பரிந்து நின்றார்கள். தொடரின் முக்கிய நடிகர்கள் நால்வரில் மற்ற மூவரும் தொலைக்காட்சிக்கான எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். இவருடைய நடிப்புக்கு ஒருமுறைகூட அது கிடைக்கவில்லை.

1957 வரை 180 பகுதிகள். பிறகு அவற்றின் உரிமையைச் சிபிஎஸ்ஸுக்கே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் விற்று, அறுபது லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து ஆர்.கே.ஓ ஸ்டுடியோவை வாங்கினார்கள். இருவரும் முதலில் சந்தித்துக்கொண்ட அதே ஸ்டுடியோ. வாங்கியது தைரியமான காரியம். ஆனால் விற்றது தவறு என்றே நினைக்கிறேன். நிறுவனம் பெருகப் பெருக வேலைச்சுமையும் குடியும் அவரைத் தின்றன. 1960இல் விவாகரத்து. 1962இல் தன் பங்கை லூசில் பாலிடம் விற்று வெளியேறினார். 1967இல் டெசிலு கைமாறியபோது விலை 1.7 கோடி டாலர், அதில் அவருக்குப் பங்கில்லை.

1986 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் டெல் மாரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்துச் சொந்தமாக்கிய அந்த ஃபிலிம்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன, சிபிஎஸ்ஸின் கணக்கில்.