கான்கிரீட்டுக்குள் போன குடும்பம்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 1939-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கிறைஸ்ட் இன் கான்கிரீட்’ என்ற நாவல். எழுதியவர் பியெத்ரோ டி டொனாட்டோ. இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன ஒரு கொத்தனாரின் மகன், அவரும் கொத்தனார்தான். இதைத் தொழிலாளர் நாவல் என்றே பெரும்பாலும் பேசுகிறார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், இது முதலில் ஒரு புருஷன் பெண்டாட்டியின் காதல் கதை. அவர்கள் எவ்வளவு ஆசையாக வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால்தான், என்ன பறிபோனது என்று புரியும்.

1880-இலிருந்து 1924 வரை ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள், நிலமில்லாத ஏழைகள். நியூயார்க்கின் சுரங்கப் பாதைகளிலும் உயரமான கட்டடங்களிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

அப்படிப் போனவர்தான் கதையில் வரும் மேஸ்திரி ஜெரேமியோ. மனைவி அன்னுன்ட்சியாத்தா. வீடு நிறையப் பிள்ளைகள், வயிற்றில் இன்னொன்று. வாடகை அறையிலேயே காலம் தள்ளிய ஜெரேமியோ, கடைசியில் சொந்தமாக ஒரு வீடு வாங்குகிறார். வேலை செய்யும் இடத்தில் கூட்டாளிகளிடம் அதைச் சொல்லிப் பூரித்துப்போகிறார். மறுநாள் பெரிய வெள்ளி. முந்தின இரவு மனைவியும் அவரும் பேசிக்கொள்கிற பக்கங்களில் அத்தனை சந்தோஷம்! கட்டடத்தின் முட்டுகளில் பலமில்லை என்று அவருக்குத் தெரியும். எச்சரிக்கவும் செய்கிறார். கேட்க ஆளில்லை.

கட்டடம் சரிகிறது. ஜெரேமியோ சென்ட்ரிங் பலகைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள, ஈரக் கான்கிரீட் மேலே வந்து இறங்குகிறது. கையை அசைக்க முடியவில்லை. வாய் ஒன்றுதான் மிச்சம். பலகையைக் கடித்துத் தப்பப் பார்க்கிறார், பற்கள் உடைகின்றன. இதை ஒரு கொத்தனார்தான் எழுத முடியும். கான்கிரீட் எப்படி இறுகும், எந்தப் பக்கம் அழுத்தும் என்று கை அறிந்தவர் எழுதிய பக்கங்கள் அவை.

இப்படி ஒரு விபத்து நிஜத்திலும் நடந்தது. டி டொனாட்டோவின் அப்பா பெயரும் ஜெரேமியோதான். 1923 மார்ச் 30, பெரிய வெள்ளியன்று, கட்டடம் இடிந்து இறந்தார். மூத்த மகனான டி டொனாட்டோவுக்கு 12 வயது நிறைய அப்போது சில நாள்தான் பாக்கி.

நாவலில் ஜெரேமியோவின் மூத்த மகன், பால் என்ற 12 வயதுப் பையன், அப்பாவைத் தேடிக் காவல் நிலையத்துக்குப் போகிறான். அப்பாவின் உடல் முற்றத்தில் காகிதத்தால் மூடிக் கிடப்பதாக ஒரு போலீஸ்காரர் அசிங்கமான வசவோடு சொல்கிறார். உதவி கேட்டுப் பாதிரியாரிடம் போகிறான். அவர் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். பையனுக்கு ஒரு துண்டு கேக் கிடைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்தக் கேக் எனக்குத் தொண்டையில் அடைக்கிறது. தாய்மாமன் லூயிஜி தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறார். அவருக்கும் வேலையில் அடிபட்டுக் கால் போகிறது. அப்புறம் யார்? அப்பாவின் கரணையைப் பையன் எடுக்கிறான்.

நான் காதல் கதை என்று சொன்னதற்கு வருகிறேன். அதே குடியிருப்பில் இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு ஊனமுற்ற பெண் இருக்கிறாள். அம்மாவும் மகனும் அவளிடம் போகிறார்கள். ஜெரேமியோ நிம்மதியாக இருக்கிறார் என்று அவள் சொல்ல, இவர்கள் முகம் மலர்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஆசிரியர் ஏளனம் செய்யவில்லை. அன்னுன்ட்சியாத்தாவுக்கு நஷ்டஈடு வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே. ஆனால் அதைவிட அவளுக்கு வேண்டியிருந்தது அவரிடமிருந்து ஒரு வார்த்தை. இந்த ஒரு இடத்துக்காகவே நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பாலின் ஞானத்தகப்பன் நட்சோனே, அவன் கண்ணெதிரிலேயே உயரத்திலிருந்து விழுந்து சாகிறார். அத்தோடு பையனின் விசுவாசம் முறிகிறது. அம்மா நீட்டும் சிலுவையை அவன் கையாலேயே நொறுக்குகிறான். தாய்க்கும் மகனுக்கும் நடக்கும் அந்தப் போராட்டத்தில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கணவரை மறுபடி சேர அவளுக்கு இருக்கும் ஒரே வழி அந்தச் சிலுவை. அவனுக்கோ, அப்பாவைக் காப்பாற்றாத சிலுவை.

1949-இல் எட்வர்ட் டிமிட்ரிக் இதைப் படமாக எடுத்தார். ஹாலிவுட் அவரைத் தள்ளிவைத்திருந்த காலம். நியூயார்க் தெருக்களை இங்கிலாந்தில் செட் போட்டு எடுத்தார். படம் கணவன் மனைவியின் வாழ்க்கையைத்தான் பிடித்துக்கொள்கிறது; அவர்கள் கல்யாணம், வீட்டுக்காகச் சேர்க்கும் காசு என்று விரிகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முடிவில் நஷ்டஈடு வருகிறது, வீடும் கிடைத்துவிடும் என்கிறார்கள். அங்கே எனக்குச் சம்மதமில்லை. நாவலில் ஆங்கிலம் தெரியாத அந்த அம்மா நஷ்டஈட்டு விசாரணை நடக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க, நிறுவனத்தார் செத்தவர் மீதே பழி போடப் பார்க்கிறார்கள். குடும்பம் வெறுங்கையோடு வீடு திரும்புகிறது. படம் பார்த்தவர்கள் அந்த விசாரணைப் பக்கங்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.